இரண்டு கால் விதி

முன்கூட்டியே நிகழ்ச்சிநிரல் போடாத மாநாடு என்று ஒன்று உண்டு. மென்பொருள் துறையில் அதை 'அன்கான்ஃபரன்ஸ்' என்கிறார்கள். மேடை கிடையாது, சிறப்பு விருந்தினர் கிடையாது, பொன்னாடையும் நன்றியுரையும் கிடையாது. காலையில் சுவரில் ஒரு வெற்று அட்டவணை ஒட்டியிருக்கும். பேச நினைப்பவர் ஒரு தாளில் தலைப்பை எழுதி, காலியாக இருக்கும் அறையையும் நேரத்தையும் பார்த்து ஒட்டிவிட வேண்டியதுதான். கேட்க நினைப்பவர்கள் அந்த அறைக்குப் போவார்கள். பேச்சு பிடிக்கவில்லையென்றால் பாதியில் எழுந்து அடுத்த அறைக்குப் போகலாம்; பேசுகிறவர் கோபித்துக்கொள்ளக் கூடாது. இந்த உரிமைக்கு 'இரண்டு கால் விதி' என்று பெயர். கூடவே இன்னொரு கொள்கையும் உண்டு: யார் வந்திருக்கிறார்களோ அவர்களே வரவேண்டியவர்கள். வராதவர்களை நினைத்து விசனப்பட வேண்டாம்.

இந்த இரண்டும் எனக்குப் பிடித்தவை. பிடித்ததால்தான் அவற்றோடு சண்டை போட வேண்டியிருக்கிறது.

கல்லூரிக் கருத்தரங்குகளில் வளர்ந்த பெண்ணுக்கு இந்த வடிவம் எவ்வளவு பெரிய ஆசுவாசம் என்பதைச் சொல்ல வேண்டும். பட்டுச் சேலை கட்டி வாசலில் நின்று பன்னீர் தெளிக்கவும், குத்துவிளக்குக்கு மெழுகுவத்தி எடுத்துக் கொடுக்கவும் மாணவிகள். மைக் முன்னால் நின்று முக்கால் மணி நேரம் பேச ஒரு ஐயா. கேள்வி நேரம் என்று ஒன்று அச்சிட்டிருக்கும், சாப்பாட்டு நேரம் வந்துவிட்டதால் அது நடக்காது. இதைப் பார்த்துப் பழகியவளுக்கு, "முதல்முறை வருகிறீர்களா, அப்படியானால் நீங்கள்தான் பேச வேண்டும்" என்று ஒரு கூட்டம் சொன்னால் எப்படி இருக்கும்? எனக்குக் கை நடுங்கியது. ஆனாலும் தாளை ஒட்டினேன். ஆறு பேர் வந்தார்கள். அந்த அறையில் பெண் நான் மட்டும்.

இந்த விதிகளை எழுதியவர் ஹாரிசன் ஓவன் என்ற அமெரிக்கர். 1983இல் அவர் ஓராண்டு உழைத்துப் பெரிய மாநாடு ஒன்றை நடத்தினார். முடிந்த பிறகு விசாரித்தால், வந்தவர்கள் ரசித்தது தேநீர் இடைவேளையை மட்டும்தான். அப்படியானால் இடைவேளையையே மாநாடாக்கினால் என்ன என்று 1985இல் 'திறந்தவெளி' முறையைத் தொடங்கினார். அதற்கு முன்மாதிரியாக அவர் சொன்னது மேற்கு ஆப்பிரிக்காவின் லைபீரியாவில் பலாமா என்ற சிற்றூரை. ஏழு ஆண்டுகளுக்கு ஒருமுறை அங்கே சிறுவர்கள் ஆண்மை எய்தும் சடங்கு. நான்கு நாள் கொண்டாட்டம். எந்த விழாக்குழுவும் கண்ணில் படவில்லை, எல்லாம் தானாக நடந்தது என்று வியக்கிறார்.

எனக்கு இங்கே ஒரு சின்னக் கேள்வி. நான்கு நாளும் சோறு யார் பொங்கினார்கள்?

நான் பலாமாவைப் பார்த்ததில்லை. பதிலும் என்னிடம் இல்லை. ஆனால் எங்கள் நாஞ்சில் நாட்டு அம்மன் கொடைகளைப் பார்த்திருக்கிறேன். வெளியூரிலிருந்து கேமராவோடு வருகிறவருக்குக் கொடையும் தானாக நடப்பது போலத்தான் தெரியும். பாத்திரம் துலக்குவதும், வந்த சொந்தக்காரர்களுக்குப் பாய் விரிப்பதும், விடியும் முன்னே முற்றம் தெளிப்பதும் நோட்டீஸில் அச்சிடப்படுவதில்லை. எங்கெல்லாம் ஒரு காரியம் 'தானாக' நடக்கிறது என்கிறார்களோ, அங்கெல்லாம் யாரோ ஒருத்தி ஈரக்கையோடு நிற்கிறாள் என்று சந்தேகப்படுவது பெண்ணியம் எனக்குக் கொடுத்த பழக்கம்.

தொழில்நுட்பக்காரர்கள் கைக்கு இந்த வடிவம் வந்த கதை சுவையானது. 2003இல் ஓ'ரெய்லி பதிப்பகம் தன் நண்பர்களை மட்டும் அழைத்து 'ஃபூ கேம்ப்' நடத்தியது. அழைப்பு இல்லாதவர்களும் வரும்படி ஒன்று வேண்டும் என்று 2005 ஆகஸ்டில் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் சிலர் ஒரே வாரத்தில் ஏற்பாடு செய்ததுதான் 'பார்கேம்ப்'. அடுத்த ஏப்ரலிலேயே அது சென்னை டைடல் பார்க்குக்கு வந்துவிட்டது. 2007 ஆகஸ்ட் 5 அன்று சென்னைப் பல்கலைக்கழக மெரினா வளாகத்தில் தமிழ் வலைப்பதிவர் பட்டறை நடந்தது. புனைபெயர்களாக மட்டுமே ஒருவரையொருவர் அறிந்திருந்தவர்கள் முகம் பார்த்துக்கொண்டார்கள். புதிதாக வந்தவர்களுக்குத் தமிழில் தட்டச்சிடக் கற்றுக்கொடுத்தார்கள். சென்னையில் லினக்ஸ் பயனர்கள் பல ஆண்டுகள் மாதந்தோறும் இரண்டாம் சனிக்கிழமை கூடினார்கள். விழுப்புரத்தில் கட்டற்ற மென்பொருள் குழு ஒன்று கிராமத்துப் பிள்ளைகளுக்குக் காசு வாங்காமல் கணினி சொல்லிக்கொடுக்கிறது. திரையை விட்டு வெளியே வந்து, ஒரே அறையில் உட்கார்ந்து, தெரிந்ததைத் தெரியாதவருக்குச் சொல்லும் இந்த மரபு நம்மிடம் உயிரோடு இருக்கிறது. அதைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமல்ல.

ஆனால் இதை நான் எழுதுவது தோவாளையிலிருந்து.

எங்கள் ஊர்ப் பூச்சந்தை இருட்டிலேயே விழித்துவிடும். பிச்சி, அரளி, கேந்தி எல்லாம் கேரளத்துக்குப் போகும். ஓணத்துக்கு முந்தைய பத்து நாளில் இங்கே யாரும் தூங்குவதாகத் தெரியாது. 2025இல் தோவாளை மாணிக்க மாலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது செய்தித்தாள்களில் ஊர்ப் பெயர் வந்தது. சந்தையில் விலை சொல்லும் குரல்கள் பெரும்பாலும் ஆண்களுடையவை. வீட்டுத் திண்ணைகளில் மடியில் பூவைக் கொட்டிக் கட்டும் விரல்கள் பெண்களுடையவை. கட்டியதற்குத்தான் கூலி, கட்டாத நேரத்துக்கு எதுவும் இல்லை.

இந்தப் பெண்களில் ஒருத்திக்கு இரண்டு கால் விதியைச் சொல்லிப் பாருங்கள். கூட்டம் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, நாகர்கோவிலில். சனிக்கிழமை பள்ளிக்கூடம் இல்லை, பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள். மறுநாள் முகூர்த்தம் என்றால் சனிக்கிழமைதான் பூ மூட்டை வந்து இறங்கும். வார விடுமுறை என்பதே மாதச் சம்பளக்காரர்களின், அதிலும் ஆண்களின் கண்டுபிடிப்பு. வீட்டுப் பெண்ணுக்கு அது கூடுதல் வேலை நாள். அவள் வரவில்லை. வந்தவர்களே வரவேண்டியவர்கள் என்று அங்கே ஒருவர் சிரித்தபடி கூட்டத்தைத் தொடங்குகிறார். அந்த வாக்கியத்தில் குரூரம் எதுவும் இல்லை. கூட்டத்துக்கு ஆள் சேரவில்லையே என்று வாடும் ஏற்பாட்டாளருக்குச் சொல்லப்பட்ட ஆறுதல் அது. ஆனால் ஆறுதல் வாக்கியம் ஒன்று அறமாக உயர்த்தப்படும்போது, வராதவள் தானாகவே வரவேண்டாதவள் ஆகிவிடுகிறாள்.

எழுந்து போகும் சுதந்திரத்தைப் பற்றி இவ்வளவு யோசித்தவர்கள், வந்து சேரும் சுதந்திரத்தைப் பற்றி ஏன் யோசிக்கவில்லை? கால்கள் எல்லோருக்கும் இருக்கின்றன என்ற நினைப்புத்தான். நடக்க இயலாதவர்களை மனதில் வைத்துச் சிலர் இப்போது இதை 'நகர்வு விதி' என்கிறார்கள். நல்ல மாற்றம். ஆனால் இரண்டு கால்களும் நன்றாக இருந்தும் கேட்டுவிட்டுத்தான் படியிறங்க வேண்டிய பெண்ணை அந்தச் சொல்லும் தொடவில்லை. 1991இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கமும் அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத்தும் பெண்களுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தபோது, ஒரு லட்சத்துக்கும் அதிகமான பெண்கள் சைக்கிளில் ஏறினார்கள். எழுத்தறிவு இயக்கத்துக்குச் சைக்கிள் எதற்கு என்று அன்று கேலி பேசியவர்களும் இருந்திருப்பார்கள். வகுப்பு எங்கே நடக்கிறது என்பதைவிட, அங்கே போய்ச்சேர முடிகிறதா என்பது முதல் கேள்வி என்று அந்த இயக்கத்துக்குத் தெரிந்திருந்தது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. தோவாளையிலிருந்து நாகர்கோவில் சுமார் பத்து கிலோமீட்டர். அந்தப் பத்து கிலோமீட்டரை எந்த மென்பொருள் கூட்டமும் கணக்கில் எடுத்ததில்லை. ஒரு பேருந்துச் சீட்டு எடுத்திருக்கிறது.

போகட்டும், அவள் வராததால் யாருக்கு நட்டம் என்று கேட்கலாம். நான் போன கூடல் ஒன்றில் யுபிஐ பணப் பரிமாற்றம் எப்படி இயங்குகிறது என்று ஓர் இளைஞர் அழகாக விளக்கினார். வங்கி, செயலி, நடுவில் உள்ள அமைப்பு என்று பலகையில் கட்டங்கள் வரைந்தார். ஊரில் எனக்குத் தெரிந்த ஒரு மைனி பூக்கட்டும் கூலி முழுதும் அதே யுபிஐயில்தான் வாங்குகிறார். எண் மகனுடையது. பணம் வந்த மணியோசை மகனின் சட்டைப்பையில் கேட்கிறது. மைனிக்கு எவ்வளவு வந்தது என்பதை மகன் சொல்லித்தான் தெரிய வேண்டும். "கூலி என் கைக்கு வந்து கொள்ள நாளாச்சு மக்ளே" என்றார். முன்பெல்லாம் ரூபாய் நோட்டாகக் கிடைத்து, அரிசிப் பானைக்குள் போய், அவசரத்துக்கு வெளியே வந்த பணம். பலகையில் வரைந்த அந்தப் படத்தில் மைனியின் மகனுக்குக் கட்டம் இல்லை. மைனி அந்த அறையில் இருந்திருந்தால் கட்டத்தை அவரே வரைந்திருப்பார். ஆகவே நட்டம் அறைக்குத்தான். தாங்கள் செய்யும் பொருளைப் பற்றித் தாங்களே பாதிதான் தெரிந்துகொண்டு வீடு திரும்பினார்கள்.

அமைப்பு இல்லாமல் கூடுவதன் சிக்கலைப் பெண்கள் இயக்கம் வெகு முன்பே பட்டு அறிந்திருக்கிறது. ஜோ ஃப்ரீமன் 1970இல் அமெரிக்கப் பெண்கள் குழுக்களைப் பற்றிப் பேசியது, பிறகு 'அமைப்பின்மையின் கொடுங்கோன்மை' என்ற கட்டுரையானது. தலைவர் வேண்டாம், விதி வேண்டாம் என்று தொடங்கிய குழுக்களில் தலைமை இல்லாமல் போகவில்லை, கண்ணுக்குத் தெரியாமல் போனது. பழைய தோழிகள், ஒரே கல்லூரி, ஒரே வகைப் பேச்சு என்று ஒரு உள்வட்டம் முடிவெடுத்தது; வெளியே இருந்தவளுக்கு யாரிடம் முறையிடுவது என்றுகூடத் தெரியவில்லை. வெற்று அட்டவணைக்கும் இது பொருந்தும். முதல் தாளை யார் ஒட்டுகிறார்கள்? ஆங்கிலம் தயங்காமல் வருகிறவர், பேசினால் நாலு பேர் கேட்பார்கள் என்று வீட்டிலும் பள்ளியிலும் நம்பவைக்கப்பட்டவர். நம் ஊரில் அந்த நம்பிக்கை சாதி பார்த்தும்தான் ஊட்டப்படுகிறது. சுவர் எல்லோருக்கும் பொதுவாக இருக்கலாம். பேனாவை எடுக்கும் துணிச்சலுக்கு நீண்ட கதை உண்டு.

அடா இனிஷியேட்டிவ் என்ற அமைப்பு நடத்திய 'அடாகேம்ப்' இதைப் புரிந்துகொண்டு எதிர்கொண்டது. கட்டற்ற தொழில்நுட்பத்திலும் பண்பாட்டிலும் இயங்கும் பெண்களுக்கான கூடல் அது. 2014இல் பெங்களூரிலும் நடந்தது. அட்டவணை அங்கேயும் வெற்றுத்தான். ஆனால் 'எனக்கு என்ன தெரியும், நான் இங்கே இருக்கலாமா' என்று பெண்களை அரிக்கும் எண்ணத்தைப் பற்றி வெளிப்படையாகப் பேசும் பயிற்சியை முதலில் வைத்தார்கள். பிறகுதான் தாளும் பேனாவும். கழுத்தில் தொங்கும் அட்டையின் பட்டை நிறத்தை வைத்தே இவரைப் படம் எடுக்கலாமா, கேட்டு எடுக்க வேண்டுமா, எடுக்கவே கூடாதா என்று தெரிந்துவிடும். ஒரு புகைப்படம் வீட்டுக்குள் என்ன கலவரத்தைக் கிளப்பும் என்று அறிந்த நம் பெண்களுக்கு அந்தப் பட்டையின் அருமை புரியும். சுதந்திரமான கூட்டத்துக்கு இத்தனை விதியா என்று முகம் சுளித்தவர்களை எனக்குத் தெரியும். ஏற்கெனவே சுதந்திரமாக இருப்பவர்களுக்கு விதி பாரமாகத்தான் தெரியும்.

இதற்கு எதிராக ஒரு வலுவான வாதம் உண்டு. அதைத் தட்டிக்கழிக்க முடியாது. வராதவர்கள் அனைவருக்கும் பொறுப்பேற்க வேண்டுமென்றால் எந்தக் கூட்டமும் நடக்காது. ஒரு வாரத்தில் கூடிக் கலையும் எளிமைதான் இந்த வடிவத்தின் உயிர். அதோடு, குழந்தையைப் பார்க்க ஆள், வாகனம், சாப்பாடு, பாதுகாப்பு என்று எல்லாவற்றையும் சேர்த்தால், அந்த வேலைகள் யார் தலையில் விழும்? மறுபடியும் பெண்கள் தலையில்தான். கலகத்துக்கும் நாமே டீ போட்ட கதையாகிவிடும். இந்த வாதத்தின் பாதியை ஒப்புக்கொள்கிறேன். எல்லோருக்கும் பொறுப்பேற்க முடியாது. ஆனால் எந்த நேரம், எந்த இடம், எந்த மொழி என்று தேர்ந்தெடுத்தபோதே யார் வரமாட்டார்கள் என்பதையும் தேர்ந்தெடுத்துவிட்டோம் என்று ஒப்புக்கொள்வதற்குச் செலவு எதுவும் இல்லை. டீயை ஆண்கள் போடட்டும். அதற்குத் தனிப்பயிற்சி வேண்டுமானால் ஒரு தாள் ஒட்டலாம்.

திண்ணையில் பூக்கட்டும் கூட்டத்தையும் நான் இலட்சியமாக்க மாட்டேன். கூலிக்காக, இடுப்பு வலியோடு உட்கார்ந்திருப்பதை 'பெண்களின் பொதுவெளி' என்று கொண்டாடும் கட்டுரைகள் எனக்கு எரிச்சலூட்டும். ஆனால் அங்கே ஒன்றைக் கவனித்திருக்கிறேன். மடியில் பூ இருப்பதால் யாராலும் எழுந்து போக முடியாது. ஒருத்தி தன் நாத்தனார் கதையை மூன்றாம் முறை சொன்னாலும் மற்றவர்கள் கேட்டுக்கொண்டுதான் இருக்க வேண்டும். மூன்றாம் முறையில்தான் சில சமயம், முதல் இரண்டு முறை சொல்லாமல் விட்டது வெளியே வரும். அடித்தான் என்ற சொல் அப்படித்தான் ஒருநாள் வெளியே வந்தது. இரண்டு கால் விதி இருந்திருந்தால் அதற்குள் எல்லோரும் அடுத்த அறைக்குப் போயிருப்பார்கள். சலிப்பூட்டுகிறவளிடமிருந்து நகர்ந்துவிடுவது கற்றலுக்கு நல்லதாக இருக்கலாம்; சமூகம் என்று நாம் சொல்வது அப்படி நகர்ந்து நகர்ந்து உருவாகுமா? நேருக்கு நேர் கூடுவதற்காக நான் வாதாடுவது இதனால்தான். திரையில் ஒருத்தியைத் தள்ளிவிட்டுப் போக ஒரு விரல் போதும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவளின் கை நிற்பது, பூ கீழே விழுவது, நேரில் இருந்தால்தான் கண்ணில் படும்.

நாங்கள் ஏழெட்டுப் பேர் இப்போது மாதம் ஒருமுறை கூடுகிறோம். புதன்கிழமை, காலை பதினொன்றுக்கு: சந்தை ஓய்ந்து, பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரம். பூவைக் கொண்டுவந்து கட்டிக்கொண்டே கேட்கலாம், பேசலாம். எழுதத் தெரியாதவர்களும் இருப்பதால் தாள் ஒட்டுவதில்லை. தலைப்பை வாயால் சொன்னால் போதும். தன் பெயரில் வங்கிக் கணக்கோடு எண்ணை இணைப்பது எப்படி என்பது முதல் தலைப்பு, அது மூன்று மாதம் ஓடியது. நானும் வரலாமா என்று மைனியின் மகன் கேட்டிருக்கிறான். நல்ல பையன், அம்மாவின் பணத்தைத் தின்கிறவன் அல்ல, எண் தன்னிடம் இருப்பதை ஒரு விஷயமாகவே நினைக்காதவன். வரட்டும் என்று நான்கு பேர் சொல்கிறார்கள், அவன் உட்கார்ந்திருந்தால் நான் வாய் திறக்க மாட்டேன் என்று இரண்டு பேர். மைனி இன்னும் எதுவும் சொல்லவில்லை. வருகிற புதனன்று அதைத்தான் பேசப்போகிறோம்.