பூனையும் பண்டைப் புலவோரும்: ஓர் அறவியல் நோக்கு

மனிதன் தன்னைச் சூழ வாழும் விலங்குகளைப் பற்றிக் கூறும் கதைகள் பெரும்பாலும் தன்னைப் பற்றிய கதைகளாகவே அமைந்துவிடுகின்றன. நாயிடம் நன்றியையும் நரியிடம் தந்திரத்தையும் பசுவிடம் சாந்தத்தையும் கண்ட மனிதன், பூனை விடயத்தில் மட்டும் ஒரு முடிவுக்கு வர இயலாதவனாகவே இருந்துள்ளான். நைல் நதிக்கரையில் அது தெய்வம்; கங்கைக்கரைக் கதையில் அது போலித் துறவி; வைணவ ஆசாரியர்தம் உவமையில் அது இறைவனின் அருள்; சங்கப் புலவர் பாடலில் அது வேலியோரத்து வெருகு. ஒரு சிற்றுயிர்க்கு இத்தனை வேடங்கள் எவ்வாறு வந்தன? அவ்வேடங்களுள் எதற்கேனும் அவ்வுயிர் பொறுப்பாகுமா? மேலோட்டமாக நோக்குவோர்க்கு இவை வேடிக்கை வினாக்களாகத் தோன்றலாம். ஆயின், பிறிதோர் உயிரை எவ்வாறு நோக்குவது நேர்மையாகும் என்னும் அடிப்படையான அறவியற் பிரச்சினை இவற்றுள் அடங்கியுள்ளமையால் இவை ஆராயத்தக்கன.

பூனையைப் போற்றிய நாடுகளுள் முதலில் வைத்து எண்ணப்படுவது எகிப்து. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டினரான கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ், அந்நாட்டில் ஒரு வீட்டுப் பூனை இயற்கையாக இறந்தால் வீட்டிலுள்ளோர் துக்கத்திற்கு அறிகுறியாகத் தம் புருவங்களை மழித்துக்கொண்டனர் என்றும், இறந்த பூனைகள் புபாஸ்டிஸ் நகருக்கு எடுத்துச் செல்லப்பட்டுப் பாடம் செய்து அடக்கஞ் செய்யப்பட்டன என்றும் எழுதியுள்ளார். தமிழரோடு வணிகத் தொடர்பு கொண்டிருந்த செங்கடல் துறைமுகமான பெரனிக்கேயிலும் இவ்வன்பிற்குச் சான்று கிடைத்துள்ளது. தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பானையோடும், இந்தியச் சாடியொன்றில் ஏறத்தாழ ஏழரைக் கிலோகிராம் மிளகும் கண்டெடுக்கப்பட்ட அதே இடத்தில், கி.பி. முதலிரு நூற்றாண்டுகளைச் சேர்ந்த விலங்குகளின் இடுகாடொன்றும் அகழப்பட்டது. 2021ஆம் ஆண்டில் வெளியான ஆய்வின்படி, அங்கு அடக்கஞ் செய்யப்பட்டிருந்த ஐந்நூறுக்கு மேற்பட்ட விலங்குகளுள் பத்தில் ஒன்பது பங்கிற்கு மேல் பூனைகளே. இந்தியாவிலிருந்து கப்பலேறிச் சென்ற குரங்குகளும் அவற்றிடையே இருந்தன.

எகிப்தியர் காட்டிய இப்போற்றுதலை அன்பின் உச்சம் எனக் கொள்ளலாமா? கி.மு. முதலாம் நூற்றாண்டில் எகிப்துக்குச் சென்ற டயடோரஸ் தாம் கண்ணாற் கண்ட நிகழ்ச்சியொன்றைக் கூறுகின்றார். உரோமன் ஒருவன் தற்செயலாக ஒரு பூனையைக் கொன்றுவிட்டான். மக்கள் அவன் வீட்டைச் சூழ்ந்துகொண்டனர். மன்னன் அனுப்பிய அலுவலர்தம் வேண்டுகோளோ உரோமப் பேரரசின் மீதிருந்த அச்சமோ அவனுயிரைக் காக்கவில்லை. இஃது ஒருபுறமிருக்க, பிற்காலத்தில் தெய்வத்திற்குக் காணிக்கையாக்கப்பட்ட பூனைப் பதனுடல்கள் பலவற்றைக் கதிர்ப்படங்களின் மூலம் ஆராய்ந்தோர், அவை முதுமையால் இறந்தவையல்ல என்றும், குட்டிப் பருவத்திலேயே கழுத்து முறிக்கப்பட்டவை அவற்றுட் பல என்றும் கண்டனர். தெய்வமாக்கப்பட்டமையாலேயே அவை கொல்லப்பட்டன. இப்பதனுடல்களிற் பெருந்தொகையானவை 1890ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லிவர்பூல் துறைக்குக் கொண்டுவரப்பட்டு வயலுக்கு உரமாக ஏலத்தில் விற்கப்பட்டன என்பதும் வரலாறு. தெய்வமென்று கண்டவனும் உரமென்று கண்டவனும் ஒரு வகையில் ஒத்தவரே. இருவரும் பூனையைப் பூனையாகக் கண்டிலர்.

போற்றுதல் இவ்வாறாயின், தூற்றுதலும் அதனின் வேறன்று. பொய்த்தவத்தோனை 'உருத்திராட்சப் பூனை' என்று சுட்டுவது தமிழில் நெடுங்காலமாக நிலவும் வழக்கு. இதன் மூலம் மிகப் பழையது. மனுநூல் வஞ்சகமாக அறவேடம் பூண்டவனைப் பூனை விரதம் உடையவன் எனக் கூறும். மகாபாரதத்தின் உத்தியோக பருவத்திலே, கங்கைக் கரையிற் கைகளை உயர்த்தித் தவம் புரிவதுபோல் நின்ற பூனையொன்று, நம்பி வந்த எலிகளை நாளுக்கு நாள் உண்டு கொழுத்த கதை வருகின்றது. மாமல்லபுரத்துப் பெரும்பாறைச் சிற்பத்திலும் தவக்கோலத்தில் நிற்கும் பூனையையும் அதனருகே எலிகளையும் ஏழாம் நூற்றாண்டுப் பல்லவச் சிற்பி செதுக்கியுள்ளான்.

இவற்றைக் கூர்ந்து நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும. பாரதத்தில் இக்கதையைக் கூறி அனுப்புகின்றவன் துரியோதனன். அக்கதையாற் பழிக்கப்படுபவன் தருமன். சூதினால் நாட்டைக் கவர்ந்தவன், சூதினால் நாட்டை இழந்தவனைப் போலி அறத்தோன் என்று தூற்றுவதற்கே பூனை இடையிற் கொண்டுவரப்படுகின்றது. மாமல்லபுரச் சிற்பத்திலோ, ஒற்றைக் காலில் நின்று கையுயர்த்தித் தவம் புரியும் மனிதனொருவன் மேலே நிற்கின்றான்; அவனது கோலமே கீழே பூனைக்கும் தரப்பட்டுள்ளது. சிற்பியின் நகைப்பு எவரைக் குறித்தது என்பதை விளக்க வேண்டியதில்லை. இரு சான்றுகளிலும் குற்றம் மனிதனுடையது. அதன் பெயர் மட்டுமே பூனையின் மேல் ஏற்றப்பட்டுள்ளது.

வஞ்சம் என்பதற்கு இரண்டு கூறுகள் இன்றியமையாதன. ஒன்று, அறம் இன்னதென அறிந்திருத்தல். மற்றொன்று, அறிந்த அவ்வறத்தைக் கொண்டவன்போற் காட்டிக் கொள்ளாதொழுகுதல். பூனை எந்த விரதத்தையும் ஏற்றதில்லை. ஏற்காத விரதத்தை மீறுவதற்கும் இல்லை. பதுங்குதல் அதற்குப் பிழைப்பு. திருவள்ளுவர் 'கூடாவொழுக்கம்' என ஓர் அதிகாரமே வகுத்தும், பொய்த்துறவுக்குப் பூனையை உவமையாக்காமை ஈண்டு நோக்கற்பாலது. புலித்தோல் போர்த்துப் பயிர் மேயும் பசுவையும், புதரில் மறைந்து பறவை பிடிக்கும் வேடனையுமே அவர் உவமையாக்கினார். பசு தானாகப் புலித்தோலைப் போர்த்திக்கொள்வதில்லை, வேடனோ மனிதன். கொடுமை எங்கே தொடங்குகின்றது என்பதை வள்ளுவர் நன்கறிந்திருந்தார் எனலாம்.

இவ்வேறுபாட்டிற்குத் தத்துவ அடிப்படையைத் தொல்காப்பிய மரபியலிற் காணலாம். உயிர்களை ஓரறிவு முதலாக ஆறறிவு ஈறாக வகுக்கும் அவ்வியல், மாக்களுக்கு ஐயறிவும் மக்களுக்கு மனம் என்னும் ஆறாவதறிவும் உண்டெனக் கூறும். பழியும் புகழும் ஆறாம் அறிவைச் சார்ந்தன. ஆகவே பூனையை அறவோன் என்பதும் மறவோன் என்பதும் ஒருங்கே பிழையாகும். அதே மரபியலே விலங்குகளின் இளமைப் பெயர்களையும் ஆண், பெண் பெயர்களையும் வரையறுக்கின்றது. கீரியினமாகிய மூங்கா, வெருகு, எலி, அணில் என்பவற்றின் இளமைப் பெயர் குட்டி என்கின்றது. வெருகைப் பூசை என வழங்குவதும் வழக்கிலுள்ளமையால் விலக்கத்தக்கதன்று என்கின்றது. குரங்கின் ஆணுக்கு அது கூறும் 'கடுவன்' என்ற பெயரை யாழ்ப்பாணத்துப் பேச்சுவழக்கு ஆண் பூனைக்கும் உரியதாக்கியுள்ளது.

இம்மரபியலை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்த முயற்சியில் யாழ்ப்பாணத்தார்க்குச் சிறப்பான பங்குண்டு. சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை 1885இல் பொருளதிகாரத்தைப் பதிப்பித்தார். புன்னாலைக்கட்டுவன் சி. கணேசையரின் உரைவிளக்கக் குறிப்புகளோடு பேராசிரியருரை 1943இல் சுன்னாகத்தில் அச்சேறியது. குட்டி எதற்குரியது, பறழ் எதற்குரியது எனச் சொல்லுக்குச் சொல் ஆராய்ந்த இவ்வறிஞரின் உழைப்பைச் சிலர் வறட்டிலக்கணம் எனக் கருதக்கூடும். அக்கருத்து முழுதும் பொருந்தாது. ஒன்றை அதற்குரிய பெயராற் சுட்டுவதற்கு, அதனைப் பிறவற்றினின்று பிரித்து அதன் இயல்பிலே காணவேண்டும். தெய்வம் எனவும் வஞ்சகன் எனவும் பெயரிடுவது எளிது. குட்டி எனப் பெயரிடுவதற்கு ஒருமுறையேனும் அருகிருந்து பார்த்தல் வேண்டும். இலக்கணகாரரின் மரபுப் பற்று, அறிந்தோ அறியாமலோ, ஓர் அறவொழுக்கமுமாகின்றது.

அவ்வாறு அருகிருந்து பார்த்தவர்கள் சங்கப் புலவர்கள். குறுந்தொகையில் ஒக்கூர் மாசாத்தியார், மாலைவேளையில் வேலியருகே வெருகு வந்ததைக் கண்ட மனைக்கோழி, புகுமிடம் அறியாது தவிக்கும் தன் குஞ்சுகளைக் கூவியழைக்கும் காட்சியைத் தீட்டுகின்றார். அவரே பிறிதொரு பாடலில் முல்லையின் சிறு மொட்டுகளுக்கு வெருகின் சிரிப்பை உவமை கூறுகின்றார். பாரியின் நாட்டைப் பாடும் கபிலரும் புறநானூற்றில் வெருகுக் குட்டியின் கூரிய பற்களை முல்லை மொட்டிற் காண்கின்றார். மதுரைக் கண்ணனாரின் தலைவியோ, துயிலெழுப்பிய சேவலை, நள்ளிரவில் இல்லெலி பார்த்திருக்கும் வெருகுக்கு இரையாகுமாறு சபிக்கின்றாள். கோழிக்கு அச்சம் தருவதும் அதே வெருகு. முல்லையை நினைவூட்டுவதும் அதே வெருகு. ஆயினும் எந்தப் பாடலிலும் அது தண்டிக்கப்படவில்லை, வணங்கப்படவுமில்லை. அதன் பல் அழகியது, அப்பல் கோழியைக் கொல்லும் என்னும் இரண்டுண்மைகளையும் ஒன்றையொன்று மறுக்காமல் ஏற்கும் உள்ளமே அப்பாடல்களிற் காணப்படுகின்றது.

பூனை புலவரைக் கவர்ந்தமைக்கு வேறொரு காரணமும் உண்டு. கம்பர் தம் காப்பியத்தின் அவையடக்கத்தில், இராமகாதையைப் பாட முற்பட்ட தம் ஆசையை, பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடிக்கப் புகுந்த பூனையின் ஆசைக்கு ஒப்பிட்டார். ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த அயர்லாந்துத் துறவி ஒருவர், தம் ஏட்டின் ஓரிடத்தில், சுவரோரம் எலிக்காகக் காத்திருக்கும் தம் வெண்ணிறப் பூனையையும் அரிய பொருளுக்காக நூலின்முன் காத்திருக்கும் தம்மையும் ஒப்பிட்டுப் பாடினார். ஒருவரையொருவர் அறியாத இவ்விரு கவிஞரும் பூனையிற் கண்டது கற்பவனையே. ஒருவர் அதன் அடங்கா ஆசையைக் கண்டார். மற்றவர் அதன் பொறுமையைக் கண்டார். வைணவ ஆசாரியரோ தாய்ப்பூனையைக் கண்டனர். தாயைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக் குட்டியை வடகலையாரும், எம்முயற்சியுமின்றித் தாயின் வாயில் தொங்கும் பூனைக் குட்டியைத் தென்கலையாரும் அருளுக்கு உவமையாக்கினர். எலியைக் கொல்லும் அதே பற்கள் குட்டியை நோவாமற் கவ்வுகின்றன என்ற நுண்ணிய உண்மை, பார்த்தறிந்தோர்க்கே புலப்பட்டிருக்கும்.

பூனை அறத்தின்பாற்பட்ட உயிரன்று எனின், அதன்பால் மனிதனுக்குக் கடமை எதுவுமில்லை என்றாகாதோ என்று வினவலாம். ஆகாது. கடமை பிற உயிரின் நற்குணத்திற்குத் தரப்படும் பரிசன்று. அதன் நோவும் அது மனிதனைச் சார்ந்து நிற்றலுமே கடமையைப் பிறப்பிக்கின்றன. பூனையொன்றை அடைத்துவைத்து, தானும் உணவிடாமல், வெளியே சென்று இரை தேடவும் விடாமற் சாகவிட்ட பெண் தண்டனைக்குள்ளானாள் என்பது நபிமொழிகளுள் ஒன்று. உணவளி, இயலாதாயின் விட்டுவிடு என்னும் இவ்விரட்டை விதியைவிடச் சுருக்கமாக இக்கடமையை வரையறுத்தல் அரிது.

இது யாழ்ப்பாணத்தவர்க்கு ஏட்டளவில் நின்ற வினாவன்று. 1995 ஒக்ரோபர் 30ஆந் திகதி வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் வீடுகளைவிட்டு, செம்மணி வழியே நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குப் பெயர்ந்தனர். முதியோரையும் குழந்தைகளையும் கொண்டுசெல்வதே அரிதாயிருந்த அவ்விரவில் வளர்ப்பு விலங்குகளுக்கு இடமிருக்கவில்லை. நாய் ஆளைப் பற்றும், பூனை வீட்டைப் பற்றும் என்பர். ஆளற்ற வீடுகளில் அவை எஞ்சின. இயலாதது கடமையாகாது, எனவே அம்மக்கள்மேற் பழி சுமத்த எவர்க்கும் உரிமையில்லை. கட்டை அவிழ்த்துவிட்டும் கூட்டைத் திறந்துவிட்டும் புறப்பட்டவன் அவ்வேளையில் ஆற்றக்கூடிய அறத்தை ஆற்றியவனாவான். மனிதரே வீடிழந்த வேளையிற் பூனையைப் பற்றி எண்ணுதல் தகுமோ என்பார்க்கு ஒன்று கூறலாம். இரக்கம் கொத்தால் அளந்து பங்கிடும் அரிசியன்று. ஓரிடத்து இட்டால் மற்றோரிடத்துக் குறைவதற்கு. விட்டுவந்த பூனையை எண்ணி வருந்தியவர், உடன்வந்த அயலவரை மறந்தவராயிருக்க வேண்டியதில்லை.

இதுகாறும் கூறியவற்றால், பூனையின்பால் மனிதன் இழைத்த தவறுகள் இரண்டெனத் தெளியலாம். அதனைத் தன்னினும் மேலாக உயர்த்தியது ஒன்று. தன் குற்றத்தை அதன்மேல் ஏற்றித் தாழ்த்தியது மற்றொன்று. இரண்டும் பார்க்கத் தவறியதன் விளைவுகள். இவற்றிற்கு மாறாக, உரிய பெயரால் அதனை அழைத்த இலக்கணகாரரும், பல்லின் அழகையும் பல்லின் கொடுமையையும் ஒருங்கே கண்ட சங்கச் சான்றோரும் வேறொரு வழியைக் காட்டியுள்ளனர். உள்ளதை உள்ளவாறு காணுதல் அறிவின் முதற்படி எனக் கருதப்படுகின்றது. பிற உயிர்களைப் பொறுத்தவரை அறத்தின் முதற்படியும் அதுவேயாகும்.