கடல் நமக்கும் பிளக்குமா?

மஃரிப் தொழுகை முடிந்தபின் பிள்ளைகளை அருகில் அமர்த்தி நபிமார்களின் வரலாற்றைச் சொல்லும் வழக்கம் நம் வீடுகளில் தொன்றுதொட்டு இருந்து வருகிறது. ஓதப்பள்ளிக்குப் போகும் முன்பே நம்மில் பலர் கற்ற முதற்பாடம் அதுதான்.

கிறிஸ்தவப் பள்ளிகளில் படிக்கும் நம் பிள்ளைகள் நோவா, மோசே, யோனா என்று பைபிள் கதைகளைக் கேட்டுவிட்டு வந்து, "இவர்கள் நம் நூஹ் நபி, மூஸா நபி, யூனுஸ் நபிதானா?" என்று வினவுகின்றனர். ஆம் என்று தயங்காமல் சொல்லலாம். வேறுபாடு உள்ள இடத்தையும் மறைக்க வேண்டியதில்லை. பைபிளில் நோவாவின் மூன்று புதல்வர்களும் கப்பலில் ஏறிப் பிழைக்கின்றனர்; திருக்குர்ஆனிலோ நூஹ் (அலை) அவர்களின் மகன் ஒருவன் தந்தையின் கண்ணெதிரே வெள்ளத்தில் மூழ்குகிறான். இவற்றைக் குழந்தைகள் எளிதில் ஏற்றுக்கொள்வார்கள். கடினமான கேள்வி வேறொன்று இருக்கிறது.

என் தங்கையின் மகனுக்கு அப்போது ஆறு வயது. என் தாயார் நோயுற்று மருத்துவமனையில் இருந்தார்கள். மீன் வயிற்றிலிருந்து யூனுஸ் (அலை) அவர்கள் மீண்ட வரலாற்றை நான்தான் அவனுக்குச் சொன்னேன். முடிவில், "நீயும் உம்மம்மாவுக்காக உண்மையாகக் கேள், அல்லாஹ் கொடுப்பான்" என்றும் சொல்லி வைத்தேன். பிள்ளை ஒவ்வொரு நாளும் கையேந்தினான். ஒன்பதாம் நாள் என் தாயார் இறைவனடி சேர்ந்தார்கள். அடக்கம் முடிந்து வீடு திரும்பியபோது அவன் என்னிடம் வந்து, "மாமா, நான் உண்மையாகத்தானே கேட்டேன்?" என்றான்.

அவன் அல்லாஹ்வைச் சந்தேகிக்கவில்லை; தன்னையே சந்தேகித்தான். அந்தச் சுமையை அந்தச் சின்னஞ்சிறு நெஞ்சின் மேல் ஏற்றி வைத்தவன் நான்.

அப்படியானால் பிள்ளைகளுக்கு அற்புதங்களைச் சொல்லவே கூடாதா? சொல்லத்தான் வேண்டும். அவை எதைச் சொல்கின்றன என்பதை முதலில் நாம் விளங்கிக்கொள்ள வேண்டும். நெருப்பு சுடுவதும், கடல் தன் எல்லையில் நிற்பதும் அவன் கட்டளையால்தான். அவன் நாடினால் நெருப்பு குளிரும், கடல் விலகும். 'அவனால் முடியும்' என்பதே முஃஜிஸா தரும் பாடம். 'நாம் கேட்டதையெல்லாம் செய்வான்' என்பது நாமாகச் சேர்த்துக்கொண்டது. முன்னது ஈமான், பின்னதை ஈமான் என்று ஊட்டினால், முதல் ஏமாற்றத்திலேயே பிள்ளை தடுமாறிப் போகும்.

யூனுஸ் (அலை) அவர்களின் துஆவையே பாருங்கள். இறைவனின் ஏகத்துவத்தைப் போற்றினார்கள், அவன் தூய்மையைத் துதித்தார்கள், தம் பிழையை ஒப்புக்கொண்டார்கள். "என்னை வெளியே எடு" என்ற சொல் அதில் இல்லை! நான் அந்த வரலாற்றைப் பேரம் பேசும் பாடமாக்கிவிட்டேன்.

அற்புதத்தைக் கண்டால் ஈமான் தானே வந்துவிடும் என்று எண்ணுவதும் தவறு. மூஸா (அலை) அவர்களின் கைத்தடி பாம்பாக மாறியதைக் கண்டு சூனியக்காரர்கள் ஸஜ்தாவில் விழுந்தனர். அதே காட்சியைக் கண்ட ஃபிர்அவ்ன் மேலும் இறுகினான். கடல் பிளந்து வழிவிட்டதைத் தம் கண்ணால் கண்ட கூட்டத்தினர் பின்னர் காளைக்கன்றை வணங்கினர். இதைத் திருக்குர்ஆனும் சொல்கிறது, பைபிளும் சொல்கிறது. மறுபக்கம், மகன் யூசுபைப் பிரிந்த யஃகூப் (அலை) அவர்கள் நெடுங்காலம் அழுது கண்பார்வையை இழந்தார்கள். அந்த ஆண்டுகளில் அவர்கள் கண்ட அற்புதம் ஏதுமில்லை. ஈமான் மட்டும் குறையவில்லை.

பிள்ளையின் நம்பிக்கையைக் காக்கத்தானே சற்று மிகைப்படுத்திச் சொல்கிறோம் என்று சிலர் கூறலாம். ஒரு தாய் தன் மகனை, "வா, ஒன்று தருகிறேன்" என்று அழைத்தார். என்ன கொடுக்க எண்ணினீர் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் விசாரித்தார்கள். பேரீச்சம்பழம் என்றார் அவர். ஒன்றும் கொடாதிருந்தால் அது ஒரு பொய்யாகப் பதிவாகியிருக்கும் என்று அண்ணலார் உணர்த்தினார்கள். ஒரு பேரீச்சம்பழத்திற்கே இந்த விதி என்றால், இறைவன் பெயரால் நாம் கொடுக்கும் வாக்குறுதிக்கு என்ன விதி?

இதற்கும் மேலான சான்று ஒன்று உண்டு. பெருமானார் (ஸல்) அவர்களின் மைந்தர் இப்ராஹீம், இரண்டு வயதும் நிறையாத நிலையில் மதீனாவில் மறைந்தார். அன்று சூரிய கிரகணம் பிடித்தது. கி.பி. 632 ஜனவரி 27 அன்று நிகழ்ந்த கிரகணம் அதுவே என வானியல் கணக்கு அறிந்தோர் கூறுவர். நபியின் மகனுக்காகச் சூரியனும் இருண்டது என்று மக்கள் பேசிக்கொண்டனர். மௌனமாக இருந்திருந்தாலே போதும். மக்கள் அதை அற்புதமாக்கியிருப்பார்கள். ஆனால் பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்த அந்த நேரத்திலும், சூரியனும் சந்திரனும் இறைவனின் அத்தாட்சிகள், எவருடைய பிறப்புக்காகவோ இறப்புக்காகவோ அவற்றுக்குக் கிரகணம் பிடிப்பதில்லை என்று அண்ணலார் அறிவித்தார்கள். ஈமானுக்குப் பொய் முட்டுக்கொடுக்க வேண்டியதில்லை என்பதற்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

சில நாள் கழித்து மருமகனை அருகில் அழைத்தேன். "நீ உண்மையாகத்தான் கேட்டாய். மாமா சொன்னதுதான் தவறு" என்று ஒப்புக்கொண்டேன். கேட்டதைக் கொடுப்பதும், வேறொரு தீங்கை விலக்குவதும், மறுமைக்கெனச் சேர்த்து வைப்பதும் அவன் நாட்டம். கேட்ட துஆ எதுவும் வீணாவதில்லை என்று ஹதீஸில் வந்திருப்பதைச் சொன்னேன். பிறகு குழந்தை இப்ராஹீமின் வரலாற்றைச் சொன்னேன். அவன் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "ரசூலுல்லாஹ்வும் அழுதாங்களா, மாமா?" என்று கேட்டான்.

"அழுதாங்க."

அன்றுதான் அவன் என் மடியில் முகம் புதைத்து அழுதான்.

பெற்றோர்களே! நபிமார்களின் வரலாற்றை முழுமையாகச் சொல்லுங்கள். கடல் பிளந்ததைச் சொல்லும் நாவால், யஃகூப் நபியின் கண்ணீரையும் சொல்லுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். நம் பிள்ளைகளின் உள்ளத்தில் உண்மையின் மீது நிற்கும் ஈமானை வல்ல அல்லாஹ் வேரூன்றச் செய்வானாக! ஆமீன்.