சர்க்கார் கஜானாவும் சம்சாரியின் சுருக்குப்பையும்

"காசில்லை" என்னும் சொல்லைப்போல வழக்கை ஒரே வெட்டில் முடித்துவிடும் சொல் வேறொன்றில்லை. பெக்கோக்கில் தோட்டக் கிராணியாக இருக்கும் நானும் அதைச் சொல்லியிருக்கிறேன். முன்பணம் கேட்டு வந்து நின்ற ஒரு தாயிடம், பெட்டியிலிருந்ததை எண்ணிப் பார்த்தபின், மனங்கூசிச் சொன்னதுண்டு. அன்று நான் சொன்னது உண்மை. பின்னொரு நாள், ஒழுகும் பள்ளிக்கூடக் கூரையொன்றிற்காகப் பெற்றோர் சார்பில் நான் எழுதிக் கொடுத்த விண்ணப்பத்திற்கு "ஒதுக்கீடு இல்லை" என்று பதில் வந்தது. என் பெட்டி சொன்னதும் கஜானா சொன்னதும் ஒன்றுதானா? தோழர்கள் இதைச் சற்றே ஆராய வேண்டுகிறேன்.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்று நம் பெரியோர் சொன்னது குடும்பத்திற்கு முற்றும் பொருந்தும். சம்சாரி பணத்தைச் சம்பாதிக்கிறான், உண்டாக்குவதில்லை. ஆகவே அவனுக்கு வரவு முந்தி, செலவு பிந்தி. ஆனால் பணத்தை உண்டாக்கும் அதிகாரமுடைய சர்க்காருக்கு இவ்வரிசை தலைகீழானது என்று வாதிப்போர் உளர். அவர்கள் கொள்கைக்கு நவீன நாணயக் கொள்கை என்று பெயர். பணம் சட்டத்தின் சிருஷ்டி என்று 1905இல் ஜெர்மானிய அறிஞர் கினாப் எழுதியதும், சர்க்காரின் வரவு செலவை அது நாட்டில் விளைவிக்கும் பலனைக்கொண்டே மதிக்கவேண்டுமென்று 1943இல் ஆபா லெர்னர் எழுதியதும் அதற்கு வேர்கள். நம் காலத்தில் வாரன் மாஸ்லர், ராண்டல் ரே ஆகியோரும், 2020இல் இதுபற்றி நூல் வெளியிட்ட ஸ்டெபனி கெல்டன் அம்மையாரும் அதை வளர்த்தவர்கள்.

இதை விளக்க நம்மவர் சரித்திரத்திலேயே உதாரணமுண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கையில் காப்பி வியாபாரக் கம்பெனிகள் தங்கள் பெயர் பொறித்த உலோக வில்லைகளைக் கூலியாகக் கொடுத்தன. கம்பெனி முதலில் வில்லையைக் கொடுத்தால்தான் அது பின்னர் கம்பெனியிடம் திரும்பி வரமுடியும். "எங்களிடம் வில்லை தீர்ந்தது" என்று அக்கம்பெனி கூறுமாயின் நாம் நகைக்கமாட்டோமா? சர்க்கார் நோட்டும் அத்தகையதே என்கின்றனர் இக்கொள்கையினர். அதை ஜனங்கள் ஏற்பானேன் எனில், வரியை அந்த நோட்டிலேயே செலுத்தவேண்டும் என்பதால். ஆப்பிரிக்காவில் வெள்ளையர் குடிசை வரி விதித்து, அதைத் தங்கள் நாணயத்தில் கேட்டபோது, அதுவரை அந்நாணயம் தேவைப்படாத குடியானவன் அதற்காகவே கூலி வேலைக்குப் போக நேர்ந்தது.

ஆனால் எல்லா சர்க்காரும் ஒரு தரத்தன அல்ல. மலாயாவில் காலனி ஆட்சியின்போது நாணய வாரியம் பிரிட்டிஷ் பவுனை ஈடாக வைத்தே நோட்டு வெளியிட்டது. அந்நாளில் கஜானாவும் ஏறக்குறைய சுருக்குப்பையாகவே இருந்தது. 1959இல் பேங்க் நெகாரா பிறந்தது. 1967 ஜூன் 12 முதல் அது தன் நோட்டை வெளியிட்டது. 1973இல் நம் வெள்ளி அந்நியப் பணத்தின் பிணைப்பிலிருந்து மிதக்க விடப்பட்டது. 1998இல் ஒரு அமெரிக்க டாலருக்கு 3.80 ரிங்கிட் என்று மீண்டும் கட்டி, 2005இல் அவிழ்த்தார்கள். கட்டு இறுகுந்தோறும் சர்க்காரின் கை சுருங்கும், தளருந்தோறும் விரியும்.

அப்படியாயின் வேண்டியமட்டும் அச்சடிக்கலாமே என்பீர்கள். அதற்கு விடை என் பாட்டியாரின் தகரப் பெட்டியில் இருந்தது. அவர் தகப்பனார் ஜப்பானியர் காலத்தில் சேர்த்துவைத்த வாழைமர நோட்டுகள் அவை. அந்நாள்வரை மலாயா தன் அரிசியில் பெரும்பகுதியைக் கப்பலில் வரவழைத்தது. யுத்தத்தில் கப்பல் நின்றது. ஜனங்கள் மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் பிழைத்தார்கள். அரிசி குறையக் குறைய நோட்டு பெருகிற்று. பிற்பட்ட நோட்டுகளில் தொடர் எண்ணும் இல்லை. 1945இல் பிரிட்டிஷார் திரும்பியதும் அவை செல்லாதென அறிவிக்கப்பட்டன. வியர்வை சிந்திச் சேர்த்தவன் கையில் மிஞ்சியது வாழைமரத்தின் படம்!

இக்கொள்கையினரும் இதை மறுக்கவில்லை. சர்க்காருக்கு எல்லை நோட்டிலன்று, நெல்லிலும், கல்லிலும், மனிதர் உழைப்பிலும் உள்ளது என்பதே அவர்கள் கூற்று. அந்நியக் கடனோ முற்றிலும் வேறு. 2022 ஏப்ரலில் இலங்கை தன் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென்றது. ரூபாயை அச்சிடலாம், டாலரை அச்சிட முடியாதன்றோ!

சர்க்காரின் கடனெல்லாம் நம் பிள்ளைகள் தலையில் சுமை என்கிறார்கள். ஒருவன் கடன் மற்றொருவன் சேமிப்பு என்பதை மறக்கலாகாது. 1951இல் ஏற்பட்ட ஊழியர் சேமநிதி, நம் உழைப்பின் பணத்தில் ஒரு பகுதியை சர்க்கார் கடன் பத்திரங்களில் இட்டிருக்கிறது. அக்கடன் நம் முதுமைக்குக் கஞ்சி. மேலும், கடனுக்குச் சட்டம் விதித்த வரம்பு 2020இல் நாட்டின் வருஷ உற்பத்தியில் 60 சதவீதமாகவும், 2021இல் 65 சதவீதமாகவும் உயர்த்தப்பட்டது. வரம்பு விதியல்ல; மனிதர் போட்ட கோடே என்பதற்கு இது சான்று.

எதிர்வாதிகள் சொல்வதிலும் நியாயமுண்டு. விலைவாசி ஏறினால் வரியைக் கூட்டிப் பணத்தைத் திரும்பப் பெறலாம் என்பது ஏட்டில் எளிது. தேர்தலை எதிர்நோக்கும் மந்திரிக்கு அது எளிதன்று. அவன் பிந்தும் ஒவ்வொரு மாதமும் அரிசிக்கடையில் ஏழை அபராதம் கட்டுகிறான். வெளிநாட்டிலிருந்து அரிசியும் மருந்தும் வாங்கும் சிறு நாட்டின் பணம் மதிப்பிழந்தால், அதையும் முதலில் அறிவது ஏழையின் அடுப்பே. ஆகவே இக்கொள்கையை மந்திரக்கோலாக எண்ணுவோர் ஏமாறுவர். எனினும் அது நமக்கொரு நற்கேள்வியைத் தந்திருக்கிறது.

வேலையற்ற கொத்தன் இருக்கிறான், தகடு கடையில் கிடக்கிறது, கூரையோ ஒழுகுகிறது. அவ்விடத்தில் "காசில்லை" என்பது கணக்கன்று, தீர்மானம். "உங்களுக்குச் செய்ய எங்களுக்கு மனமில்லை" என்றோ, "வேறொன்று முந்தியது" என்றோ சொல்வதே நேர்மை. அவ்வாறு சொன்னால் நாம் எதிர்த்து வழக்காடலாம். காசில்லை என்றால் தலைகுனிந்து திரும்பத்தானே முடியும்!

தமிழில் நாணயம் என்னும் ஒரே சொல் காசையும் குறிக்கும், நேர்மையையும் குறிக்கும். முன்னதை வெளியிடுவோர் பின்னதையும் உடையவராயிருக்கக் கேட்பது பிரஜைகளின் உரிமை. அடுத்த விண்ணப்பத்தில் நான் பணம் கேட்கப்போவதில்லை; "ஆளில்லையா, பொருளில்லையா, மனமில்லையா?" என்று மட்டுமே கேட்கப்போகிறேன்.