சப் மீட்டர்

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது திருத்தங்கல் வீட்டுப் பரணிலிருந்து பழைய சப் மீட்டர் ஒன்றை எடுத்து வந்தேன். கருப்பு பேக்லைட் உடம்பு, முன்னால் கண்ணாடி, உள்ளே கிடையாக ஓர் அலுமினியத் தட்டு. சென்னையில் என் மேசைமேல் அதை வைத்து, நான் பராமரிக்கும் சர்வர்களில் சுமை ஏறினால் தட்டு வேகமாகவும், இறங்கினால் மெதுவாகவும் சுற்றும்படி செய்வது திட்டம். இந்த மாதிரி வேலைக்கெல்லாம் காரணம் தேவையில்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமை இருந்தால் போதும்.

பிரிப்பதற்கு முன்னால் அது ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்த்துவிடலாம் என்று நினைத்தேன். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

இந்த வகை மீட்டரின் வரலாறு ரொம்பப் பழசு. 1885-இல் இத்தாலியில் கலிலியோ ஃபெராரிஸ் சுழலும் காந்தப்புலத்தைச் செய்து காட்டினார். 1889-இல் புடாபெஸ்ட்டின் கான்ஸ் தொழிற்சாலையில் ஓட்டோ பிளாத்தி மாறுமின்சாரத்தை அளக்கும் மீட்டருக்குக் காப்புரிமை வாங்கினார். உள்ளே இரண்டு சுருள்கள். ஒன்று மின்னழுத்தத்துக்கு, இன்னொன்று நாம் இழுக்கும் மின்னோட்டத்துக்கு. இரண்டும் சேர்ந்து தட்டைத் தள்ளும். சும்மா விட்டால் தட்டின் வேகம் ஏறிக்கொண்டே போகும். அதனால் ஓரத்தில் ஒரு நிலைக்காந்தம் வைத்திருப்பார்கள். காந்தத்தின் இடுக்கில் ஓடும் அலுமினியத்தில் சுழல் மின்னோட்டம் பிறந்து, அதுவே தட்டைப் பின்னால் இழுக்கும். தள்ளலும் இழுப்பும் சமமாகிற இடத்தில், தட்டின் வேகம் செலவாகும் மின்சாரத்துக்கு நேர் விகிதத்தில் நிற்கும். ஆக, மீட்டரின் நேர்மை முழுக்க அந்தக் காந்தத்தின் கையில். வயதாகியோ அடிபட்டோ காந்தம் வலுவிழந்தால் பிரேக் தளர்ந்துவிடும், தட்டு கூடுதலாக ஓடும்.

என் மீட்டரின் முகத்தில் ஒரு யூனிட்டுக்கு 1200 சுற்று என்று போட்டிருந்தது. 100 வாட் சுமைக்கு ஒரு சுற்று 30 விநாடியில் முடிய வேண்டும். ஒரு அறுபது வாட், ஒரு நாற்பது வாட் குண்டு பல்பு தேடி வாங்கி மாட்டினேன். பிளக்கில் சொருகும் டிஜிட்டல் மீட்டரில் 100 என்று வந்ததும் சிவப்புக் கோட்டைப் பார்த்து ஸ்டாப்வாட்சை அழுத்தினேன். 27 விநாடி. பத்து முறை பார்த்தேன், 27-ஐ ஒட்டியே வந்தது.

ஒன்பது யூனிட் செலவழித்தால் பத்து யூனிட் என்று காட்டுகிற மீட்டர்.

அந்த மீட்டர் 1995-லிருந்து 2006 வரை எங்கள் வீட்டின் பின்கட்டில் குடியிருந்தவர்களுடையது. புருஷன், பெண்டாட்டி இருவரும் பட்டாசு ஆலைக்குப் போவார்கள். மருந்து புழங்கும் அறைகளில் மின்சாரம் கிடையாது, பகல் வெளிச்சத்தோடு வேலை முடிந்துவிடும். அவர்கள் வாழ்க்கையில் இருந்த மொத்தக் கரண்டும் எங்கள் பின்கட்டில் எரிந்த ஒரு பல்பும் ஒரு ஃபேனும்தான். ராத்திரி அந்த பல்பின் கீழே உட்கார்ந்து அந்தக்கா தீப்பெட்டிக்குப் பெட்டி ஒட்டுவார். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஸ்டூல் போட்டு ஏறி ரீடிங் எடுத்துச் சொல்வது என் வேலை. யூனிட்டுக்கு மூன்று ரூபாய் என்று அப்பா கணக்குப் போடுவார்.

ஒருநாள் அந்தக்கா கேட்டது நினைவிருக்கிறது. “அண்ணாச்சி, மீட்டரு கூட ஓடுற மாதிரி இருக்கே?”

“மீட்டரு என்ன எங்க சித்தப்பா மகனா, எனக்காகக் கூட ஓட?” என்றார் அப்பா. எல்லோரும் சிரித்தோம். அந்தக்காவும் சிரித்தார்.

பரணில் இருபது வருஷம் கிடந்ததில் காந்தம் கெட்டிருக்கலாமே என்று முதலில் எனக்கு நானே வக்கீல் வைத்துக்கொண்டேன். அந்த வாதம் பழைய கணக்கு நோட்டு கிடைக்கிற வரைக்கும்தான் நின்றது. 1999-இல் அம்மாவுக்கு ஆபரேஷன். இரண்டு மாதம் வீட்டைப் பூட்டிவிட்டு விருதுநகரில் பெரியம்மா வீட்டில் இருந்தோம். அந்தக் கணக்கில் மெயின் மீட்டர் காட்டியது 54 யூனிட், சப் மீட்டர் காட்டியது 59. மெயினைத் தாண்டித்தான் சப் மீட்டருக்கே கரண்டு போகும். பிள்ளை அப்பனுக்கு மூத்தவனாக முடியாது. இரண்டு எண்களும் அப்பாவின் குண்டு எழுத்தில், ஒன்றன்கீழ் ஒன்றாக. 59-க்குப் பக்கத்தில் 177 ரூபாய், ‘வரவு’. (மெயின் மீட்டர் மெதுவாக ஓடியிருக்கலாம்தான். ஆனால் என் ஸ்டாப்வாட்ச் எந்தப் பக்கம் சாட்சி சொல்கிறது என்று தெரிந்த பிறகு அதைச் சொல்ல வாய் வரவில்லை.)

அப்பா விருதுநகரில் கமிஷன் மண்டிக் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். பருப்பு, மல்லி, வத்தல் என்று ஊர் விலையெல்லாம் அவர் விரல் நுனியில் இருக்கும். தராசுக்கும் படிக்கல்லுக்கும் முத்திரை போடும் தேதி தள்ளிப்போனால் அவருக்குத் தூக்கம் வராது. அப்படிப்பட்டவர் இந்த இரண்டு எண்களையும் பார்க்காமல் எழுதினாரா, பார்த்துவிட்டு எழுதினாரா?

போனில் கேட்டேன். “மீட்டர்ல என்ன காட்டுச்சோ அதத்தான வாங்குனேன்” என்றார்.

இந்தப் பதில் எனக்கு அந்நியமானதில்லை. ஆபீசில் நாங்கள் தினமும் சொல்வதுதான், ‘சிஸ்டம்ல அப்படித்தான் காட்டுது.’ பிரிட்டனில் ஹொரைசன் என்ற மென்பொருள் காட்டிய பொய்க் கணக்கை நம்பி, 1999 முதல் 2015 வரை தபால் நிலையம் நடத்திய 900-க்கும் மேற்பட்டவர்களைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தார்கள். பணம் குறைந்தது எப்படி என்று அந்த எளிய மனிதர்கள்தான் விளக்க வேண்டியிருந்தது. கருவியை யாரும் கூண்டில் ஏற்றவில்லை. கருவி காட்டியதை நம்புவது குற்றமில்லை, நானும் அதை நம்பித்தான் பிழைக்கிறேன். என் சிக்கல் வேறு. மீட்டர் மெதுவாக ஓடி எங்களுக்கு நஷ்டம் வந்திருந்தால், அந்த 54-ஐயும் 59-ஐயும் அப்பா பார்க்காமல் விட்டிருப்பாரா? நமக்குச் சாதகமான பிழையைக் கண் தானாகவே தாண்டிப் போகிறது. அதைப் பொய் என்று சொல்ல முடியவில்லை, தெரியாமல் நடந்தது என்றும் சொல்ல முடியவில்லை. நம் பக்கத்து மதுரைக் கதையில் பாண்டியனிடமும் ஒரு தவறான தகவல்தான் வந்தது. பொற்கொல்லன் சொன்னான், நான் நம்பினேன் என்று அவன் தப்பித்திருக்கலாம். அவனோ உயிரையே விட்டான். அப்பா அவ்வளவு தூரம் போக வேண்டாம். அந்தக்கா கேட்ட அன்று ஒரு பல்பை மாட்டிப் பார்த்திருக்கலாம். ஸ்டூல் மேல் நின்ற நானும் கேட்டிருக்கலாம்.

தொகை ஒன்றும் பெரிதில்லை. கணக்குக்கு ஐந்து யூனிட், பதினோரு வருஷத்தில் அறுபத்தாறு கணக்கு, 330 யூனிட், 990 ரூபாய். பெட்டி ஒட்டும் கூலியில் 990 ரூபாய் சேர்க்க எத்தனை குரோஸ் ஒட்ட வேண்டும் என்று பார்க்க உட்கார்ந்தேன், பாதியில் விட்டுவிட்டேன்.

மீட்டருக்குள் பிரேக் காந்தத்தை நகர்த்த ஒரு திருகு இருக்கிறது. கொஞ்சம் திருகினால் 30 விநாடிக்கு வந்துவிடும். மீட்டர் சரியாகிவிடும், அது தவறாக ஓடியதற்கான அடையாளமும் போய்விடும். ஸ்க்ரூ டிரைவரை வைத்துக்கொண்டு ஒரு சாயங்காலம் முழுக்கச் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஒரு வாரம் கழித்து அப்பாவே கூப்பிட்டார். “தம்பி, அந்தக் கணக்கு எவ்வளவு வந்துச்சுன்ன?”

“தொள்ளாயிரத்துத் தொண்ணூறு.”

“வட்டி போட்டியா?”

போடவில்லை என்றேன். தினசரிக் காலண்டரில் கிழித்த தாளில் அவரே போட்டு வைத்திருந்தார். மண்டி வட்டி. எண்ணை இரண்டு முறை சொல்லி என்னை எழுதிக்கொள்ளச் சொன்னார். அவர்கள் இப்போது சாத்தூர் பக்கம் மகள் வீட்டில் இருப்பதாகவும் விசாரித்து வைத்திருந்தார்.

“நீ வரும்போது மீட்டர எடுத்துட்டு வா. ரெண்டு பேரும் போவோம். அதுவரைக்கும் அதுல எதையும் திருகிப்புடாத.”

சர்வருக்காக வாங்கிய ஒளி உணரி இன்னும் கவர் பிரிக்காமல் கிடக்கிறது. தீபாவளிக்குத்தான் டிக்கெட் கிடைத்திருக்கிறது.