பிறர் இழந்த பாதை

வாசகரே, ஒருவர் இழந்ததில் இன்னொருவர் மகிழ்வது முறையா? வெறும் வாதத்துக்காக எழுப்பும் கேள்வியன்று இது.

இத்தாலியின் வடகிழக்கே, ஆல்ப்ஸ் மலைகளுக்கிடையில் பெல்லா என்னும் ஆறு பாய்கிறது. அதன் பள்ளத்தாக்கில் 1879 இல் புகையிரதப் பாதை அமைத்தார்கள். நீராவி இயந்திரத்தால் செங்குத்தாக ஏற முடியாது. ஆகவே மலையைக் குடைந்தும் பாலங்கள் கட்டியும் பாதையை மெல்ல மெல்ல உயர்த்திச் சென்றார்கள். நீண்ட சுரங்கங்களூடாகப் புதிய பாதை வந்ததும், 2000 ஆம் ஆண்டளவில் பழையது முற்றாகக் கைவிடப்பட்டது. தண்டவாளம் கிடந்த இடத்தில் இன்று துவிச்சக்கர வண்டிகள் ஓடுகின்றன. சால்ஸ்பேர்க்கிலிருந்து அத்திரியாற்றிக் கடல்வரை 400 கிலோமீற்றருக்கு மேல் மிதித்து வருபவருக்கு அந்த இளஞ்சரிவு தமக்காகவே வெட்டியதுபோல் இருக்கும்.

ஆனால் புதிய புகையிரதம் கியூசாபோர்த்தே, தோஞ்ஞா போன்ற சிற்றூர்களில் நிற்பதில்லை. மலைக்குள்ளேயே ஓடி மறைந்துவிடுகிறது. பட்டணத்து வைத்தியரிடம் போகவேண்டிய மூதாட்டிக்கு நிலையம் இல்லாமற் போயிற்று. கியூசாபோர்த்தேயின் பழைய நிலையமோ இப்போது துவிச்சக்கர வண்டிப் பயணிகள் உண்டு இளைப்பாறும் இடம்!

அந்தப் பயணி குற்றவாளியா? இல்லை. பாதையை மூடியவர் அவரல்லர். அவர் வராவிட்டால் பற்றைதான் மண்டியிருக்கும். 'அப்படியானால் எனக்கென்ன?' என்று மிதித்துப் போய்விடலாமா? அதற்கு என் மனம் இடந்தரவில்லை. குற்றம் இல்லாத இடத்திலும் கடன் உண்டு. அவர் சற்று இறங்கி, ஊர்க்கடையில் பாண் வாங்கட்டும். வாசலில் இருக்கும் முதியவரிடம், முன்பெல்லாம் எத்தனை மணிக்கு வண்டி வரும் என்று கேட்கட்டும். பதில் நீளும். அடுத்த ஊரை அடைய இருட்டிவிடும்.