சுவர் தாண்டும் பூஜை மணி

கொல்கத்தாவின் கிழக்கே நியூ டவுனில் ஐ.டி. நிறுவனங்கள் வளர வளர, இரவு ஷிஃப்ட் முடித்து விடியற்காலையில் வீடு திரும்புகிறவர்களும் பெருகிவிட்டார்கள். அங்கே ஒரு தமிழ்க் குடும்பத்தை எண்ணிப் பார்க்கலாம். மகன் நாலரைக்கு வந்து படுக்கிறான். ஐந்தரைக்கு அடுத்த அறையில் அப்பா சுப்ரபாதம் போட்டு, மணி அடிக்கிறார். நடுவே நாலரை அங்குலச் செங்கல் சுவர். பெருமாளை எழுப்பும் பாட்டு, அப்போதுதான் கண்ணயர்ந்த பிள்ளையையும் எழுப்பிவிடுகிறது.

இருவர் மீதும் குற்றமில்லை. அதனால்தான் இது கஷ்டமான கேள்வி.

தெருவில் என்றால் பதில் உண்டு. கேட்க விரும்பாதவரைக் கட்டாயப்படுத்திக் கேட்கவைக்க யாருக்கும் உரிமையில்லை என்று 1996-இல் கல்கத்தா உயர் நீதிமன்றம், ஓம் பீரங்கனா மதச் சங்க வழக்கில் ஒலிபெருக்கி பற்றிச் சொன்னது. சென்னை கே.கே.ஆர். நகர் தேவாலய வழக்கில் 2000-இல் உச்ச நீதிமன்றமும், பிறர் அமைதியைக் கெடுத்து வழிபடும்படி எந்த மதமும் சொல்லவில்லை என்றது. அதே ஆண்டு வந்த விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று வரம்பு வைத்தன. ஆனால் அப்பாவுக்கும் பிள்ளைக்கும் நடுவே எந்த நீதிமன்றம் வரும்?

சாஸ்திரமே வரும். ஜபத்தை வாசிகம், உபாம்சு, மானசம் என்று மூன்றாகப் பிரிக்கிறார்கள்: வாய்விட்டுச் சொல்வது, உதடு மட்டும் அசைவது, மனத்துக்குள் சொல்வது. மனுஸ்மிருதி மூன்றாவதற்கே மிக உயர்ந்த இடம் தருகிறது. தட்சிணேஸ்வரத்து ராமகிருஷ்ணரும் தியானத்துக்கு மனம், மூலை, வனம் என மூன்று இடங்களைச் சொன்னார். ஃப்ளாட்டில் வனத்துக்கு வழியில்லை. மூலையோ அடுத்த அறைக்கும் மூலை.

பக்தி என்றால் வாய்விட்டுப் பாடுவதுதானே என்று அப்பா கேட்கலாம். நியாயமான கேள்வி. சைதன்யர் நவத்வீபத்துத் தெருக்களில் சங்கீர்த்தனம் நடத்திய மண் இது. திருப்பாவையிலும் பெண்கள் வீடு வீடாகப் போய்த்தான் எழுப்புகிறார்கள். ஆனால் அவர்கள் எழுப்புவது சேர்ந்து நோன்பிருக்க வேண்டிய தோழிகளை. உள்ளே உறங்கும் ஒருத்தி, தானே முன்னால் எழுந்து மற்றவர்களை எழுப்புவதாக வாக்குக் கொடுத்தவள். அந்த இசைவு இரவெல்லாம் வேலை பார்த்துவிட்டு வந்தவனிடம் இல்லை. அவன் தூக்கத்தைக் காப்பதும் பூஜையின் ஒரு பகுதி என்று கொள்வதே சரி.

அதற்குக் கொஞ்சம் கைவேலை வேண்டும். சுவரின் எடையை இரட்டிப்பாக்கினாலும் ஐந்தாறு டெசிபல்தான் கூடுதலாகக் குறையும்; முட்டை அட்டை ஒட்டுவதில் பயனில்லை. ஓட்டைதான் முதல் எதிரி. சுவர்ப் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தாலே, எவ்வளவு கனத்த சுவரும் சுமார் 20 டெசிபலுக்கு மேல் தடுக்காது. கதவின் அடியில் விரல் நுழையும் இடைவெளிக்கு ரப்பர் பட்டை, இரு பக்கமும் முதுகோடு முதுகாகப் பதித்த ஸ்விட்ச் பெட்டிகளைச் சுற்றி அடைப்பு. அந்தச் சுவரில் ஆணியடித்து மணியைத் தொங்கவிட்டிருந்தால், அடிக்கும்போது சுவரே அதிர்ந்து ஒலிக்கும். ஸ்பீக்கர் உட்கார்ந்த சுவர்ப் பலகைக்கும் இதே கதி.

அப்பா மணியைக் கழற்றி வெளிச்சுவர்ப் பக்கம் மாட்டலாம், ஸ்பீக்கரை ரப்பர் விரிப்புப் போட்ட முக்காலிக்கு மாற்றலாம், ஐந்தரைக்கு மானச ஜபத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். மகனுக்கு விடுமுறை வரும் நாளில் மணியை அவனே அடிக்கட்டும்.