விடை யாருடையது?

மருத்துவம் செய்யும் உரிமையை ஒருவனுக்கு யார் அளிப்பது? இது இன்று எழுந்த கேள்வியன்று. மாணவன் நூலைக் கற்று, அதன் பொருளை உணர்ந்து, பிறர் செய்வதைக் கண்டு, தானும் செய்து பழகியிருந்தாலும், அரசனுடைய அனுமதியைப் பெற்ற பின்னரே தொழிலில் இறங்க வேண்டும் என்று சுசுருத சம்ஹிதை விதிக்கிறது. குருவின் திருப்தி மட்டும் ஏன் போதவில்லை? நோயாளியால் மருத்துவனின் அறிவைச் சோதித்தறிய இயலாது. ஆகவே அவன் சார்பில் வேறொருவர் சோதித்தாக வேண்டும்.

ரஷ்யா, ஜார்ஜியா, சீனா, பிலிப்பைன்ஸ் போன்ற நாடுகளில் மருத்துவம் பயின்று திரும்பும் நம் இளைஞர்களுக்கு 2002 முதல் நடத்தப்பட்டு வரும் தகுதித் தேர்வின் நியாயமும் இதுவே. ஆண்டுக்கு இருமுறை நடைபெறும் இத்தேர்வில், ஒரே நாளில் 300 வினாக்கள். 150 சரியானால் தேர்ச்சி. தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. ஆயினும் எழுதியவர்களில் நான்கில் ஒருவர்கூடத் தேறாத தேர்வுகள் பல.

தோற்றவர்களை ஏளனம் செய்வது எளிது. 2020-இல் பெருந்தொற்றின்போது சீனாவிலிருந்து திரும்பியவர்கள், நோயாளியின் கட்டிலருகே நிற்க வேண்டிய காலத்தைக் கணினித் திரையின் முன் கழித்தார்கள். 2022 பிப்ரவரியில் போர் மூண்டபோது உக்ரைனில் பயின்றவர்கள் பாதிப் படிப்போடு உயிர் தப்பி வந்தார்கள். இத்தகையோர் பலர் தில்லி கௌதம் நகர் போன்ற இடங்களில் சிறு அறைகளில் தங்கிப் படிக்கிறார்கள். ஊரில் நிலம் விற்கப்பட்டிருக்கும். வங்கிக் கடனுக்கு வட்டி ஏறிக்கொண்டிருக்கும். 'பலனை எதிர்பாராமல் கடமையைச் செய்' என்று அவர்களிடம் உபதேசிக்க நமக்குத் தகுதி உண்டா என்று ஒரு கணம் யோசிப்பது நல்லது.

மூன்று முறை தோற்ற அத்தகைய ஒருவனிடம் நண்பன் ஒரு காகிதக் கட்டைக் கொடுக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். முந்தைய தேர்வை எழுதியவர்கள் நினைவிலிருந்து திரட்டிய வினாக்களும் விடைகளும் அதில் உள்ளன. 'ரீகால்' என்பது மாணவர் வழக்கு. வினாக்களை வெளியிட மாட்டேன் என்று உறுதியளித்துவிட்டுத்தான் ஒவ்வொருவரும் தேர்வு எழுதுகிறார்கள். ஆகவே திரட்டியவர்கள் வாக்குத் தவறியவர்கள் என்பதில் ஐயமில்லை. படிப்பவனோ, "நான் எதையும் வெளியிடவில்லை. எல்லோரும் படிக்கிறார்கள். அதில் இருப்பதும் மெய்யான மருத்துவம்தானே?" என்கிறான்.

அவனுடைய கடைசி வாதமே வலிமையானது. அதை ஓர் உதாரணத்தால் பார்ப்போம். வயிற்றுப்போக்கால் வாடிய 10 கிலோ எடையுள்ள குழந்தை. கண்கள் குழிந்துள்ளன, தாகத்தோடு குடிக்கிறது, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் மெதுவாகத் திரும்புகிறது. கிலோவுக்கு 75 மில்லி வீதம் உப்பு-சர்க்கரைக் கரைசலை, அதாவது 750 மில்லியை, 4 மணி நேரத்தில் வாய்வழியே புகட்ட வேண்டும் என்பது விடை. கட்டில் இருப்பதும் இதுதான்; தவறில்லை. மருத்துவமனைக்கு வரும் குழந்தையோ சோர்ந்து கிடக்கிறது, குடிக்க முடியவில்லை, கிள்ளிய தோல் மிக மெதுவாகத் திரும்புகிறது. இப்போது சிரைவழியே உடனடியாகத் திரவம் ஏற்ற வேண்டும். இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு ஓரிரு சொற்களே. விடையை மட்டும் மனனம் செய்தவனுக்கு அந்தச் சொற்கள் கண்ணில் படுவதில்லை. காரணத்தை அறிந்தவனுக்கு அவையே கண்ணில் படுகின்றன. நினைவிலிருந்து நினைவுக்குக் கைமாறிய விடை மெய்யாக இருக்கலாம். ஆனால் அது அவனுடைய அறிவு அன்று.

அறுவைப் பயிற்சிக்குப் பூசணி, சுரை, வெள்ளரி முதலிய காய்களைச் சொன்னவரும் சுசுருதரே. பயிற்சி வினாவில் செய்யும் பிழை அந்தக் காயில் விழும் தவறான வெட்டைப் போன்றது. 'ஏன் தவறினேன்?' என்று அரை மணி நேரம் புத்தகத்தைப் புரட்ட வைக்கும் பிழையைக் காட்டிலும் நல்ல ஆசிரியர் அரிது. கட்டு அந்த ஆசிரியரை அவனிடமிருந்து பறித்துவிடுகிறது.

பிறருக்கு நேரும் தீங்கும் உண்டு. 2024 ஜனவரியில், அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வை நடத்துவோர், வினாக்கள் முன்கூட்டியே அறியப்பட்டிருந்தன என்ற ஐயத்தால் நேபாளத்தோடு தொடர்புடைய தேர்வர்கள் பலரின் மதிப்பெண்களைச் செல்லாதவை என அறிவித்தார்கள். தங்கள் அறிவை மெய்ப்பிக்க அவர்கள் மீண்டும் தேர்வு எழுத வேண்டியதாயிற்று. நேர்மையாக எழுதியவனும் ஐயத்துக்குரியவனாகிறான் என்பதே இதில் வேதனை.

இந்தச் சுமை முழுவதையும் இருபத்தைந்து வயது இளைஞனின் தோளிலேயே ஏற்றிவிடுவது சரியன்று. "அந்தக் கட்டு எனக்கு வேண்டாம் அப்பா, இன்னும் ஆறு மாதம் படித்து எழுதுகிறேன்" என்று அவன் தொலைபேசியில் சொல்லும்போது, மறுமுனையில் என்ன விடை கிடைக்கிறது? அடுத்த மாதமும் கடன் தவணை வரும். உறவினர் வீட்டுத் திருமணத்தில் "பையன் டாக்டர் ஆகிவிட்டானா?" என்ற கேள்வியும் வரும். அதற்குத் தலைகுனியாமல் "இன்னும் படித்துக்கொண்டிருக்கிறான்" என்று சொல்லப் பெற்றோரால் முடியுமானால், அந்த ஆறு மாதமும் அவனுக்குக் கிடைத்துவிடுகிறது.